சீட்டை எண்ணுவதா, எடைபோடுவதா?

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஒருவர் கையில் வந்து சேரக்கூடிய பதின்மூன்று சீட்டுக்களின் தொகுதிகள் எத்தனை என்பதைக் கணித நூலார் கணக்கிட்டு வைத்திருக்கின்றனர். விடை 63,501 கோடியே 35 இலட்சத்து 59 ஆயிரத்து 600. இவற்றுள் தமக்கு வாய்த்தது இன்னது என்பதை எதிரேயிருக்கும் சோடிக்கு உணர்த்துவதற்கு ஆட்டக்காரருக்கு அனுமதிக்கப்பட்ட சொற்களோ 38 மாத்திரமே. ஒன்று முதல் ஏழு வரை, நான்கு இனங்களிலும் துரும்பில்லாமலும் கேட்கக்கூடிய கேள்விகள் 35. அவற்றோடு 'பாஸ்', 'டபிள்', 'ரீடபிள்' என்னும் மூன்று. கண்ணைச் சிமிட்டலாகாது, பெருமூச்சு விடலாகாது, குரலை உயர்த்தியுந் தாழ்த்தியும் பேசலாகாது. இந்த 38 சொற்களைக் கொண்டு கோடானுகோடி நிலைமைகளை எவ்வாறு எடுத்துரைப்பது என்ற கேள்விக்கு விடை தேடியே கேள்வி முறைகள் எல்லாம் பிறந்தன.

நம் வீட்டு விறாந்தைகளில் முந்நூற்று நான்கு ஆடிப் பழகியவர்களுக்கு இது முற்றிலும் புதியதன்று. அங்கும் சோடி உண்டு; கேள்வி உண்டு; துரும்பு உண்டு. ஆனால் அங்கே நான்கு சீட்டுக்கள் கைக்கு வந்தவுடனே துணிந்து கேட்கவேண்டும். மற்றவை விதியின் பாற்பட்டவை. பிரிட்ஜில் தம்முடைய பதின்மூன்று சீட்டுக்களையும் பார்த்த பின்னரே வாய் திறக்கிறார்கள். தெரியாதிருப்பது சோடியின் கை ஒன்றே. ஆகவே இங்கே கேள்வி என்பது துணிச்சல் மட்டுமன்று, உரையாடலுமாகும்.

இன்று ஆடப்பெறும் கொன்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு வடிவம் தந்தவர் ஹரல்ட் வான்டர்பில்ட் என்னும் அமெரிக்கச் செல்வர். 1925 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹவானாவுக்குச் சென்றுகொண்டிருந்த 'பின்லாந்து' என்னுங் கப்பலில், பனாமாக் கால்வாயை அண்டிய வேளையில், தாம் வகுத்த புதிய புள்ளி முறையை நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். அதற்கு முன்பிருந்த ஒக்ஷன் பிரிட்ஜில் குறைவாகக் கேட்டுவிட்டுக் கூடுதலாகப் பிடித்தாலும் ஆட்டம் வென்றதாகக் கணக்கிடப்படும். வான்டர்பில்ட் அதனை மாற்றினார். கேட்ட பிடிகளுக்கே ஆட்டக் கணக்கில் இடமுண்டு என்றார். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பிடிகளைக் கேட்டு எடுப்போருக்குப் பெரும் வெகுமதி என்றார். ஒரு ஆட்டம் வென்ற பக்கம் தவறினால் தண்டனை கூடும் என்றார். அந்நிலைக்கு 'வல்னரபிள்' என்ற பெயரைச் சூட்டியவர் அதே கப்பலிற் பிரயாணஞ் செய்த ஓர் இளம்பெண். அவர் பெயர் வரலாற்றில் இடம்பெறவில்லை. இச் சிறு மாற்றங்களின் பயன் பெரிது. கேளாமற் பெற்றது பயன்படாது என்றானவுடன், கையைச் சரியாக மதிப்பிடுவதே ஆட்டத்தின் உயிராகிவிட்டது.

அந்த மதிப்பீட்டை ஒரு முறையாக்கி, உலகெங்கும் விலைபோகச் செய்தவர் ஈலி கல்பர்ட்சன். 1891 இல் ருமேனியாவிற் பிறந்தவர். தந்தை அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர், தாய் ருஷ்யர். 1929 இல் 'பிரிட்ஜ் வேர்ல்ட்' என்னுஞ் சஞ்சிகையைத் தொடங்கினார்; 1930 இல் தமது முறையை விளக்கும் நீல நூலை வெளியிட்டார். அம்முறையின் அடிப்படை 'மரியாதைப் பிடி' என்று தமிழிற் சொல்லத்தக்க ஒரு கணக்கு. ஒரே இனத்தில் ஏஸும் ராஜாவும் இருந்தால் இரண்டு. ஏஸும் ராணியுமானால் ஒன்றரை. தனி ஏஸ் ஒன்று. சிறு சீட்டின் காவலுள்ள ராஜா அரை. இவ்வாறு கூட்டி இரண்டரை வந்தால் கேள்வியைத் தொடங்கலாம்.

அவ்வாண்டுகளில் இவ்வாட்டத்தின் மீது மக்கள் கொண்ட வெறிக்கு ஒரு சான்று உண்டு. 1929 செப்டெம்பரில் கன்சாஸ் நகரில் மேர்ட்டில் பெனற் என்பவர், தம் கணவர் நான்கு இஸ்பேட் கேள்வியிற் தோற்றதை முன்னிட்டு மூண்ட சண்டையில் அவரைச் சுட்டுக் கொன்றார். 1931 இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கணவன் மனைவியர் சோடியாக ஆடுவதன் அபாயத்தைப் பற்றி அந்நாளில் எழுதப்படாத பத்திரிகை இல்லை. கல்பர்ட்சன் இத்தகைய செய்தியையும் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தயங்காதவர். அவருக்கும் சோடி மனைவியே: யோசபின் கல்பர்ட்சன். நிதானத்தில் கணவரை விஞ்சியவர் என்று பெயர் பெற்றவர்.

பழைய ஆசிரியர்கள் வாளாவிருக்கவில்லை. அவர்கள் ஒன்று கூடி 'அதிகார முறை' என்ற ஒன்றை வகுத்தனர். அவர்கள் சார்பிற் களமிறங்கியவர் சிட்னி லென்ஸ். 1931 டிசெம்பர் 7 ஆம் தேதி நியூயோர்க் சதம் ஹோட்டலில் ஆரம்பமாயிற்று 150 ரப்பர் கொண்ட அந்தப் போட்டி. 'நூற்றாண்டின் யுத்தம்' என்று பத்திரிகைகள் பெயரிட்டன. கல்பர்ட்சன் 5,000 டொலரும் லென்ஸ் 1,000 டொலரும் பந்தயங் கட்டினர், பணம் தருமத்துக்கு. நடுவர் அல்பிரட் குறூந்தர் என்னும் இளம் இராணுவ அதிகாரி. அவரே பின்னாளில், 1953 முதல் 1956 வரை, நேட்டோப் படைகளின் தலைமைத் தளபதியாக விளங்கினார். பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்தோர் தெருவில் நின்ற காலத்தில், நாலு பேர் சீட்டாடுவது முதற்பக்கச் செய்தியாயிற்று.

ஆரம்பத்தில் லென்ஸின் பக்கமே முன்னின்றது. ஆனால் லென்ஸுக்கும் அவர் சோடியான ஒஸ்வால்ட் ஜக்கோபிக்கும் இடையில் மனக்கசப்பு வளர்ந்தது. ஜக்கோபி இளைஞர், எதிரிகளை மயக்குவதற்காகக் கையில் ஒன்றுமில்லாமலே கேள்வி கேட்கும் உத்தியில் வல்லவர். எதிரிகள் மயங்கினரோ இல்லையோ, முதியவரான லென்ஸ் பலமுறை மயங்கினார். 103 ஆவது ரப்பருடன் ஜக்கோபி விலகிக்கொள்ள, கொமாண்டர் லிகெற் என்பவர் அவரிடத்தில் அமர்ந்தார். 1932 ஜனவரியிற் போட்டி முடிவுற்றபோது கல்பர்ட்சன் பக்கம் 8,980 புள்ளிகளால் வென்றிருந்தது.

இனி, இவ்வெற்றி எதனை நிரூபித்தது? மொத்தம் ஆடிய கைகள் 879. அவற்றில் கல்பர்ட்சன் பக்கத்துக்கு வந்த ஏஸ்கள் 1,745; லென்ஸ் பக்கத்துக்கு 1,771. ராஜாக்கள் முறையே 1,775, 1,741. இதைவிட நடுநிலையாக அதிர்ஷ்டதேவி பங்கிட்டிருக்க முடியாது. ஆகவே சீட்டின் குறையென்று தோற்றவர்கள் சொல்வதற்கில்லை. ஆயினும் 8,980 ஐ 150 ஆற் பிரித்தால் ரப்பர் ஒன்றுக்கு ஏறக்குறைய 60 புள்ளியே வருகிறது. அது இஸ்பேட்டிலோ ஆட்டினிலோ இரண்டு பிடிகளின் விலை. ஒரு முறை மற்றொன்றை நசுக்கிவிட்டது என்று இதைக் கொண்டு சொல்வது மிகையாகும். சோடியை நம்பி ஆடியவர்கள் வென்றனர், நம்பாதவர் தோற்றனர் என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் நூல் வாங்கும் பொதுமக்கள் இந்த வகுத்தற் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. கல்பர்ட்சன் முறையே உலக முறையாயிற்று.

அரைகளும் ஒன்றரைகளும் சாதாரண மக்களுக்குச் சுமையாயிருந்தன. அச்சுமையை இறக்கி வைத்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் சார்ள்ஸ் கோரென். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்னுங் கணக்கு அவர் கண்டதன்று. அவருடைய ஆசானாகிய மில்ற்றன் வேர்க் முன்னரே பரப்பியது. ஆனால் அக்கணக்கு துரும்பில்லா ஆட்டத்துக்கே பொருந்தும் என்று கருதப்பட்டிருந்தது. ரொறன்ரோவைச் சேர்ந்த காப்புறுதிக் கணக்கியலறிஞர் வில்லியம் அன்டர்சனின் உதவியோடு, இனம் குறைந்திருப்பதற்கும் புள்ளி வகுத்தார் கோரென். ஓரினத்திற் சீட்டே இல்லையேல் 3, ஒன்றே இருந்தால் 2, இரண்டிருந்தால் 1. 1949 இல் இம்முறை நூலாக வந்தது. இரு கைகளும் சேர்ந்து 26 புள்ளியானால் ஆட்டம், 33 ஆனாற் சிறு ஸ்லாம், 37 ஆனாற் பெரிய ஸ்லாம். பள்ளிச் சிறுவரும் கூட்டக்கூடிய கணக்கு இது. 1950களின் தொடக்கத்தில் கல்பர்ட்சனே தம் பழைய முறையை விட்டுப் புள்ளிக் கணக்குக்கு வந்து சேர்ந்தார். 1958 இல் 'டைம்' சஞ்சிகையின் அட்டையிற் கோரெனின் படம் வெளிவந்தது.

எளிமைக்கு ஒரு விலையுண்டு. கீழ்வரும் இரு கைகளையும் பாருங்கள்.

முதற் கை: இஸ்பேட் ஏஸ், ராஜா, 10, 9, 5, ஆட்டின் ஏஸ், ராணி, 10, 4, டயமன் 7, 3, கிளாவர் 8, 2.

இரண்டாங் கை: இஸ்பேட் ராணி, ஜாக்கி, 4, ஆட்டின் ராணி, 5, 3, டயமன் ராஜா, ஜாக்கி, 2, கிளாவர் ராஜா, ஜாக்கி, 7, 4.

படச்சீட்டுக்களையும் ஏஸையும் மாத்திரம் எண்ணினால் இரண்டுக்கும் 13 புள்ளியே. ஆனால் முதற் கையை எடுத்தவர் முகம் மலரவேண்டும். இரண்டாவதை எடுத்தவர் சற்றே யோசிக்கவேண்டும். முதலாவதிற் பெரிய சீட்டுக்கள் எல்லாம் நீண்ட இனங்களிற் கூடியிருக்கின்றன, ஒன்றையொன்று தாங்குகின்றன, 10 உம் 9 உம் காவலுக்கு நிற்கின்றன. இரண்டாவதிற் படங்கள் நாலு திசையிலும் சிதறியுள்ளன. ஏஸ் ஒன்றுகூட இல்லை. ராணியும் ஜாக்கியும் தாமே பிடி எடுப்பவை அல்ல. சோடியின் கையிற் பெரிய சீட்டு இருந்தால் மட்டுமே உயிர்பெறுபவை. கல்பர்ட்சனின் பழைய கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால் முதலாவதற்கு மூன்றரை, இரண்டாவதற்கு இரண்டளவே தேறும். மறக்கப்பட்ட கணக்கு இவ்விடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறது! கோரெனும் இதை அறியாதவரல்லர். ஏஸ் இல்லாக் கைக்கு ஒரு புள்ளி குறைக்கச் சொன்னார். குறுகிய இனங்களுக்குக் கூட்டச் சொன்னார். அவ்வாறு செய்தால் முதலாவது 15, இரண்டாவது 12. ஆனால் அவசரக்காரர்கள் 4, 3, 2, 1 ஐ நினைவில் வைத்துக்கொண்டு திருத்தங்களை மறந்துவிட்டார்கள். பிற்காலத்திற் கணினிகொண்டு பல்லாயிரம் கைகளை ஆராய்ந்தவர்களும், இக்கணக்கு ஏஸைச் சற்றுக் குறைத்தும் ராணி, ஜாக்கிகளைச் சற்றுக் கூட்டியும் மதிக்கிறது என்றே கண்டார்கள்.

இன்னொன்று. கையின் மதிப்பு சீட்டுக் கிடைத்த கணத்திலே நிலைபெற்று விடுவதன்று. ஒவ்வொரு கேள்வி எழும்போதும் ஏறியிறங்குவது. உங்கள் கையில் இஸ்பேட் ராஜாவும் இரு சிறு சீட்டுக்களும் உள்ளன என்க. வலப்பக்கத்து எதிரி இஸ்பேட் கேட்டால் ஏஸ் பெரும்பாலும் அவரிடமிருக்கும்; அவர் உங்களுக்கு முன் ஆடவேண்டியவராதலால் உங்கள் ராஜா ஏறக்குறைய ஒரு பிடி. அதே கேள்வியை இடப்பக்கத்தவர் கேட்டால், ஏஸ் உங்களுக்குப் பின்னே காத்திருக்கிறது; அந்த ராஜாவை இறந்துபோனவராகவே கொள்ளலாம். புள்ளி இரண்டிடத்தும் மூன்றே! அவ்வாறே, கையில் ஒற்றைச் சீட்டாயுள்ள இனத்தைச் சோடி திரும்பத் திரும்பக் கேட்டால் கை இளைத்துவிட்டதென்று பொருள். உங்கள் நீண்ட இனத்தை அவர் ஆதரித்தாலோ அந்த ஒற்றைச் சீட்டே பொன்னாகிவிடும், அவ்வினத்தை வெட்டுவதற்குத் துரும்பு இருப்பதால். மாணவர்கள் முதலிற் பயில வேண்டியது இந்தக் கூட்டலும் கழித்தலுமே என்பது எமது கருத்து. நான்கு துரும்பில்லா என்று கேட்டு ஏஸ்களின் தொகையை வினவும் முறையை 1933 இல் ஈஸ்லி பிளக்வூட் என்பவர் அமைத்தார். புதிதாய்க் கற்பவர்கள் அதைத்தான் முதலில் மனப்பாடஞ் செய்கிறார்கள். ஆட்டமே கேட்கலாமா என்று தெரியாதவருக்கு ஸ்லாம் கேட்கும் வழி எதற்கு?

1969 இல் ஷோன் ரெனே வேர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் புள்ளியையே ஒதுக்கிவைத்து வேறொரு வழியிற் சிந்தித்தார். இரு பக்கத்தாரும் தத்தம் நீண்ட இனத்தில் வைத்திருக்கும் துரும்புகளின் கூட்டுத்தொகையும், அவரவர் துரும்பில் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகையும் ஏறத்தாழச் சமம் என்றார். இரு பக்கமும் போட்டி போட்டுக் கேட்கும் வேளையில் இவ்விதி இன்றும் கைகொடுக்கிறது.

புள்ளியை மட்டும் நம்புவோருக்கு எடுத்துக்காட்ட ஏற்ற கை, வேடிக்கையாக, ஒரு துப்பறியும் நாவலில் இருக்கிறது. இயன் பிளெமிங் 1955 இல் எழுதிய 'மூன்ரேக்கர்' கதையில் வில்லனாகிய டிராக்ஸின் கையில் இஸ்பேட்டிலும் ஆட்டினிலும் மேல் நான்கு சீட்டுக்கள், டயமன் ஏஸ், ராஜா, கிளாவர் ராஜா, ஜாக்கி, 9. மொத்தப் புள்ளி 40 இல் 31 அவனிடம். ஜேம்ஸ் பொன்டின் கையில் டயமன் ராணி முதல் எட்டு, கிளாவர் ஏஸ், ராணி, 10, 8, 4. புள்ளி எட்டு. அவனுடைய சோடியிடம் ஒரு புள்ளியுமில்லை. ஆனால் ஐந்து சிறு கிளாவர் உண்டு, டயமன் ஒன்றுமில்லை. சீட்டுக்கட்டு சூழ்ச்சியாக அடுக்கப்பட்டது என்பது கதை. விஸ்ட் ஆட்டக் காலத்தில் கம்பர்லாந்துக் கோமகனின் பெயரால் வழங்கிவந்த பழைய கையொன்றின் திருத்திய வடிவமே அது.

பொன்ட் ஏழு கிளாவர் கேட்கிறான். எதிரிகள் ஆடிய முதல் டயமனை டம்மியில் வெட்டி, டிராக்ஸின் ராஜாவை வீழ்த்துகிறான். டம்மியிலிருந்து கிளாவரை ஆட, டிராக்ஸ் 9 ஐப் போட, 10 ஆற் பிடிக்கிறான். மீண்டும் ஒரு டயமனை வெட்ட, ஏஸும் விழுகிறது. மீண்டும் கிளாவர், ஜாக்கியை ராணி பிடிக்க, அடுத்துவரும் ஏஸில் ராஜா அகப்படுகிறது. துரும்புகள் தீர்ந்தன, எஞ்சிய டயமன்கள் எல்லாம் பிடிகள். 31 புள்ளியை வைத்துக்கொண்டு 'டபிள்' சொன்ன டிராக்ஸுக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. பொன்ட் முன்னமே 'ரீடபிள்' சொல்லிவிட்டிருந்தான்.