உப்பு ஜாடியின் கிரீன் ரூம்

உஸ்ஸ்... சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள்! சபாக்கள் நிறைந்த மயிலாப்பூரில் மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்க்காதவர் யார்? இன்று நாம் எட்டிப் பார்க்கப்போவது அடுப்பங்கரை உப்பு ஜாடிக்குள்.

மீன் நுழையாத வீடுகள் இங்கே ஏராளம். அங்கெல்லாம் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வருவது பெரும்பாலும் இந்த ஜாடியிலிருந்துதான். பாலும் தயிரும் கொஞ்சம் கைகொடுக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250. ஒரு கடுகின் எடைகூட இல்லை, அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

"கடல் உப்பாச்சே, அயோடின் தானாக இருக்குமே?" என்று கேட்கும் மாமிகளே, அதில் இருப்பது துளியூண்டு. உப்பளத்தில் வாரிய உப்பில் பொட்டாசியம் அயோடேட்டைத் தெளித்துக் கலக்கிறார்கள். அயோடைடு என்றால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் பறந்துவிடும்; அயோடேட் தாக்குப்பிடிக்கும். கடைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? உப்பின் மேல் ஒரு சொட்டு சோதனைக் கரைசல். குப்பென்று ஊதா! எத்தனையோ நாடுகளின் ஆய்வாளர்கள் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன எம்பிஐ சோதனைக் குப்பி எங்கே தயாரானது தெரியுமா? நம்ம சென்னையில்! அளவைத் துல்லியமாகச் சொல்லாது. உண்டா இல்லையா என்பதைப் போட்டுக்கொடுத்துவிடும்.

இப்போது திரைமறைவுச் சண்டை. இரும்பையும் அயோடினையும் ஒரே உப்பில் போட்டால் உப்பு நிறம் மாறும், அயோடின் கம்பி நீட்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டை நடுவில் உட்காரவைத்துச் சமாதானம் செய்தது. வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த அம்மா உப்பு வகைகளில் இந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பும் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், பாக்கெட்டுக்குள் முறைத்துக்கொள்ளும் இந்த இரண்டும் கழுத்துக்குள் கூட்டாளிகள். அயோடினைக் கோத்து டி4 ஹார்மோன் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். அந்த டி4-இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி, வேலை செய்கிற டி3 ஆக்குவது செலினியம் கொண்ட நொதிகள். பாடகருக்கு மட்டும் பொன்னாடை போர்த்திவிட்டுத் தம்பூராக்காரரை மறக்கிற கதைதான், பேரெல்லாம் அயோடினுக்கே.

அதற்காக அள்ளிப் போட வேண்டாம். அயோடின் மிஞ்சினாலும் சுரப்பி மக்கர் செய்யும். இளஞ்சிவப்பு இமாலய உப்பு பார்க்க ஜோர். ஆனால் பெரும்பாலும் அயோடின் சேர்க்காதது. கல்லுப்பு வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, டிகிரி காபியை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரை என்றால் நான்கு மணி நேரம் கழித்து.