பானெட்டைத் தூக்கினால் வெளிச்சம் இடம் மாறுமா?

அடையாறு காந்தி நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பழைய கார் அணிவகுப்பில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பார்த்தேன். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் கவிழ்கிறது. திறந்து மூடும்போதெல்லாம் ஹெட்லைட்டின் குறி தப்பாதா? அமெரிக்க கார்வெட்டில் விளக்கே உள்ளே போய் ஒளிந்துகொள்ளுமாமே, அது எப்படி அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது?”

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஹெட்லைட் என்றால் எத்தனை வாட், எத்தனை லூமன் என்றுதான் விளம்பரங்கள் பேசுகின்றன. அந்த விளக்கு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. எதிரே வருபவர் பத்திரமாக வீடு போய்ச் சேருவது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு சற்றே தாழ்ந்து போக வேண்டும். பொதுவான கணக்கு நூற்றுக்கு ஒன்று. 10 மீட்டருக்கு 10 செ.மீ. தாழ்வு. விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்த விளிம்பு 65 மீட்டர் தள்ளிச் சாலையைத் தொடும். இந்தச் சரிவை விளக்கின் உடம்பிலேயே அளந்து பாருங்கள். ஹெரால்டு, அம்பாசடர், ஜீப், புல்லட் எல்லாவற்றிலும் இருந்த 7 அங்குல வட்ட விளக்கின் விட்டம் 178 மி.மீ. அதில் நூற்றில் ஒரு பங்கு 1.8 மி.மீ. மேல்விளிம்பு அந்த அளவு பின்னுக்குச் சாய்ந்தால் வெளிச்சம் சாலையைத் தொடவே தொடாது. இன்னொரு 1.8 மி.மீ. சாய்ந்தால், 50 மீட்டர் தள்ளி 115 செ.மீ. உயரத்தில், எதிரே கார் ஓட்டி வருபவரின் கண்ணில் நேராகப் போய் அடிக்கும்.

இவ்வளவு நுணுக்கமான வேலையை அந்தக் காலத்தில் சாதித்தவை இரண்டு திருகும் ஒரு ஸ்பிரிங்கும். வெளியே இருக்கும் குரோம் வளையத்தைக் கழற்றினால் தெரியும். மேலே உள்ள திருகைத் திருப்பினால் வெளிச்சம் ஏறி இறங்கும், பக்கத்துத் திருகு இடம் வலமாக நகர்த்தும். மூன்றாவது இடத்தில் ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடும். நான்காவதாக ஒரு தாங்கல் வைத்தால் ஆட்டம்தான் வரும். மெக்கானிக் ஷெட் சுவரில் சாக்பீஸ் கோடு கிழித்து, ஒரு விளக்கைச் சாக்குத்துணியால் மூடி, மற்றதைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகிக் குறி வைப்பார்கள். ஸ்க்ரூடிரைவரைத் தவிர எந்தக் கருவியும் தேவைப்படாத இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை உண்டு.

விளக்கைத் தாங்கும் பாகமே நகர்ந்தால் என்ன ஆகும்? டிபன் கேரியரை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் கழுவி அடுக்கினாலும் ஒவ்வொரு அடுக்கும் அதே இடத்தில் உட்காருகிறது. அதற்குக் காரணம் விளிம்பு. கொக்கி வெறும் அழுத்தம்தான் தருகிறது. ஹெரால்டில் பானெட்டின் முன்பக்கம் கீல் இருக்கிறது. பின்பக்கம் பானெட் வந்து உட்காரும் ரப்பர் கூம்புகள்தான் விளிம்பு, இரண்டு பக்கத்துத் தாழ்கள் கொக்கி. இப்போது விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். அகலமான சோற்று அடுக்கில் அது தெரியவே தெரியாது. ஊறுகாய்க் கிண்ணத்தில் ஒட்டியிருந்தால் மூடி சாய்ந்து எண்ணெய் பைக்குள் இறங்கி, கணக்கு நோட்டுவரை நனைத்துவிடும். பருக்கை ஒன்றுதான், அகலம்தான் வேறு.

ஹெரால்டின் பானெட் சோற்று அடுக்கு. கீலுக்கும் ரப்பருக்கும் ஒரு மீட்டருக்கு மேல் தூரம் இருப்பதால், ரப்பர் 1 மி.மீ. தேய்ந்தாலும் சரிவு ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்தான் மாறும். கார்வெட்டின் சுழலும் விளக்குக்கூடு ஊறுகாய்க் கிண்ணம். அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு தடுப்பு அதை நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், அதே 1 மி.மீ. பிசகு நூற்றுக்கு ஒன்றாகிவிடும். டிம் வெளிச்சத்தின் மொத்தச் சரிவே அவ்வளவுதான்!

வரலாற்றுக்கு இரண்டு பத்தி போதும். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வந்தது, வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. அதன் சேசிஸைக் குறுக்கித்தான் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. 1968-இல் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது, பிரிட்டனில் அப்படி ஒன்று கிடையாது.

கார்வெட்டின் கதை வேறு. 1953-இல் விளக்குகளின் முன்னால் கம்பி வலை இருந்தது, 1956-இல் அதை எடுத்துவிட்டார்கள். 1958-இல் இரண்டு விளக்குகள் நான்காயின. அன்றைய அமெரிக்க விதிகளின்படி குறிப்பிட்ட அளவுள்ள வட்ட விளக்குகளைத்தான் பொருத்த முடியும். கூர்மையான மூக்கு வேண்டும் என்ற வடிவமைப்பாளர்களுக்கு அவற்றை மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1963 ஸ்டிங் ரேயில் மின்மோட்டார் விளக்குக்கூட்டைச் சுழற்றியது. 1968-இல் மோட்டாரை நீக்கிவிட்டு எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு விளக்கைத் தூக்கினார்கள். குழாய் கசிந்தால் ஒன்று எழும்பும், மற்றது எழும்பாது. 1984-இல் மறுபடி மின்மோட்டார். 2005 மாடலில்தான் விளக்கு ஒரே இடத்தில் நிலையாக உட்கார்ந்தது. மோட்டாரோ வெற்றிடமோ, அது விளக்கைத் தடுப்புவரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவே. குறியைத் தீர்மானிப்பது அந்தத் தடுப்பு. கண்ணைக் கவரும் அசைவைப் புதுமை என்று கொண்டாடியவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கும் அதே கதைதான். ஜி.பி. ரோட்டில் எல்.இ.டி. பல்பு வாங்கி ஹாலஜன் விளக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கிண்ணம் இழை எரியும் ஒரு குறிப்பிட்ட புள்ளிக்காகவே வளைக்கப்பட்டது. எல்.இ.டி. சில்லு அதே இடத்தில், அதே வடிவில் ஒளிராவிட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறும். பிரகாசம் கூடக் கூட எதிரே வருபவருக்குக் கண் கூசுவதும் கூடும். ஒரு காலத்தில் விளக்கின் நடுவில் ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கரும் தீர்வல்ல. அது வெளிச்சத்தைக் குறைக்கும், திசையை மாற்றாது.

வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெரால்டின் குறியைக் கெடுப்பது பானெட்டைவிட டிக்கிதான். அந்தக் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.3 மீட்டர். டிக்கியில் மூட்டைகளை ஏற்றிப் பின்பக்கம் 2.3 செ.மீ. அமுங்கினால் மூக்கு நூற்றுக்கு ஒன்று மேலே தூக்கிக்கொள்ளும். ரப்பர் கூம்பு செய்யும் பிசகைப்போல இது பத்து மடங்கு. இன்றைய கார்கள் பலவற்றில் இதற்கென்றே 0 முதல் 3 வரை எண்ணிட்ட ஒரு சிறு சக்கரம் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். தனியாக ஓட்டும்போது 0-இல் வையுங்கள். பின்சீட்டில் ஆட்களும் டிக்கியில் சாமான்களுமாக ஈ.சி.ஆரில் இரவுப் பயணம் கிளம்பினால், வீட்டு கேட்டைத் தாண்டும் முன்பே அதை 2-க்கோ 3-க்கோ திருப்பிவிடுங்கள்.