வெள்ளத்தில் குளித்த கார்! பளபளப்பைக் கண்டு மோசம் போகலாமா?

சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவுகள். பாயப் போகும் புலி மாதிரி தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கிறது. மேலே கையை வைத்தால் வழுக்குகிறது. அவ்வளவு பளபளப்பு!

"பாய், இது சென்னை வண்டி. ஒரே சொந்தக்காரர். அதிகம் ஓடவில்லை. புது வண்டி விலையில் பாதி கொடுத்தால் போதும். நாளைக்கு இன்னொருவர் அட்வான்ஸ் கொடுக்க வருகிறார்" என்கிறார் தரகர்.

ஆம்பூரில் தோல் ஷாப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் இப்படி ஒரு தரகர் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய மகன் கல்லூரிப் படிப்பை முடித்தவன். காரைச் சுற்றிச் சுற்றி வருகிறான். வாங்கித் தரும்படி தந்தையைக் கெஞ்சுகிறான்.

நல்ல கார் என்றால் பாதி விலைக்கு ஏன் வருகிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டால், பிறகு அழுதாலும் பயன் இல்லை. அந்தக் கார் வெள்ளத்தில் குளித்து எழுந்த காராக இருக்கலாம்!

இரண்டு நகரங்களுக்கு நடுவே

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே உள்ள நெடுஞ்சாலையில் இருக்கின்றன ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள். தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள் இவை. பழைய கார்கள் இரண்டு பக்கங்களிலிருந்தும் இங்கே விற்பனைக்கு வருகின்றன. அந்த இரண்டு நகரங்களுமே வெள்ளத்தில் தத்தளித்தவைதாம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி சென்னையில் பேய் மழை கொட்டியது. மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து திறந்து விடப்பட்ட தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தது. ஆறு கரையைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்தது. வீட்டு வாசலிலும் அடித்தளத்திலும் நிறுத்தி இருந்த கார்கள் மூழ்கின.

2022-ம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூரில் வெள்ளம். பெரும் பணக்காரர்கள் வாழும் பங்களாக்களைத் தண்ணீர் சூழ்ந்தது. கோடிக் கணக்கில் விலை பெறும் வெளிநாட்டுக் கார்கள் கழுத்தளவு நீரில் நின்ற காட்சியை நாடே பார்த்தது.

2023-ம் ஆண்டு டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல். சென்னை பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போயின.

வெள்ளம் வடிந்தது. சேறு கழுவப்பட்டது. அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போயின? சில கார்கள் உடைத்து இரும்பாயின. மற்றவை பழுது பார்க்கப்பட்டு, வர்ணம் பூசப்பட்டு, மறுபடியும் சாலைக்கு வந்தன.

தண்ணீர் என்ன செய்யும்?

"தண்ணீர்தானே! காய்ந்தால் சரியாகி விடாதா?" என்று நினைப்பவர்கள் உண்டு. துணி காயும். கார் அப்படி அல்ல.

என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகின்றன. அதைப் பிஸ்டன் அழுத்துகிறது. சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டன் தண்ணீரில் போய் மோதுகிறது. அதைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டு வளைந்து போகிறது. அத்தோடு என்ஜினின் கதை முடிந்தது!

சாதாரணக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இங்கேதான் வேறுபாடு. வேகமாக ஓடும்போது கவிழாமல் இருப்பதற்காக ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்வாகச் செய்கிறார்கள். அதன் அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருப்பதில்லை. ஜீப் போன்ற உயரமான வண்டி தாங்கும் முழங்கால் அளவுத் தண்ணீர், ஸ்போர்ட்ஸ் காரின் உள்ளே புகுந்துவிடும்.

ஆபத்து என்ஜினோடு நிற்பதில்லை. இந்தக் காலத்துக் கார் ஒரு நடமாடும் கம்ப்யூட்டர். தரை விரிப்புக்கு அடியிலும் இருக்கைக்கு அடியிலும் ஒயர்கள் ஓடுகின்றன. சாக்கடை கலந்த வெள்ள நீர் அந்த ஒயர்களின் இணைப்புகளில் புகுந்து களிம்பு ஏற்றுகிறது. முதல் மாதம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் மாதம் விளக்கு எரியாது. ஆறாம் மாதம் நடுச்சாலையில் வண்டி நின்றுவிடும். எந்த ஒயரில் கோளாறு என்று கண்டுபிடிக்கவே மெக்கானிக்குக்கு நாள் கணக்காகும். வெளிநாட்டில் இருந்து வர வேண்டிய உதிரிப் பாகத்துக்குக் கேட்கிற விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

காற்றுப் பை விரியுமா?

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால்?

விபத்து நேரும்போது ஓட்டுகிறவரின் முகத்துக்கு முன்னால் 'ஏர்பேக்' எனப்படும் காற்றுப் பை கண் இமைக்கும் நேரத்தில் விரிய வேண்டும். அதற்குக் கட்டளை இடுகிற சிறிய பெட்டி, பெரும்பாலான கார்களில் நடுவே, தரையை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் நனைவது அதுதான்! நனைந்த பெட்டி, விபத்தின்போது வேலை செய்யும் என்பதற்கு உறுதி இல்லை. பிரேக்குக்கு உதவும் கருவிக்கும் இதே கதிதான்.

மணிக்கு 150 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டிப் போகக்கூடிய வண்டி. அதில் பிரேக்கையும் காற்றுப் பையையும் நம்ப முடியாது என்றால், அதைப் பெற்ற மகன் கையில் கொடுக்கலாமா?

புத்தகத்தில் இருக்காது!

"ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே!" என்று சிலர் சொல்வார்கள். தெரியாது.

வெள்ளத்தில் கெட்ட காரை இன்சூரன்ஸ் கம்பெனி மதிப்பிடுகிறது. பழுது பார்க்கும் செலவு, காருக்குக் குறிப்பிட்ட மதிப்பில் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால், 'முழு நஷ்டம்' என்று கணக்கிட்டுச் சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்துவிடுகிறது. பிறகு அந்தக் கார் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் எடுத்தவர் பழுது பார்த்து விற்கிறார். இதில் குற்றம் இல்லை. உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் நியாயமான வியாபாரம்தான். மறைத்து விற்பதுதான் மோசடி.

இனி ஓடவே முடியாது என்ற நிலைக்கு வந்த வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதன் பதிவு ரத்தாகும். ஆனால், பழுது பார்த்து ஓட்டக்கூடிய வண்டி இந்த விதியில் சிக்குவதில்லை. 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று எழுத ஆர்.சி.யில் ஓர் இடமும் இல்லை.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே 'வெள்ளத்தில் கெட்டது' என்று முத்திரை இடுகிறார்கள். அங்கேயும் எத்தர்கள் சும்மா இருக்கவில்லை. 2005-ம் ஆண்டு 'கத்ரீனா' புயலுக்குப் பிறகு, ஈரம் பட்ட கார்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புதுப் பத்திரம் வாங்கி விற்றார்கள்.

தோலைப் பார்க்கிற மாதிரி பாருங்கள்

தோல் வியாபாரி ஒரு தோலை எப்படி வாங்குகிறார்? மேல் பக்கத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுவதில்லை. திருப்பிப் போட்டுச் சதைப் பக்கத்தைப் பார்க்கிறார். தடவுகிறார். மடிக்கிறார். முகர்கிறார். காரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த கார்களில் இருக்கை உறை பெரும்பாலும் தோல்தான். நனைந்து காய்ந்த தோல் எப்படி இருக்கும் என்பதை ஆம்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணெய்ப் பசை போய் விறைத்திருக்கும். தையல் ஓரங்களில் சுருங்கியிருக்கும். மடிப்புகளில் பூஞ்சை படிந்திருக்கும். உறை மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், பழைய உறை என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

மூக்கும் ஒரு கருவிதான். கண்ணாடிகளை ஏற்றிக் கொஞ்ச நேரம் காருக்குள் உட்காருங்கள். நனைந்த கம்பளி வாசனை வருகிறதா? மூக்கைத் துளைக்கும்படி சென்ட் அடித்து வைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். காரைக் கழுவுகிறவன் அதை முழுதாக இழுத்துக் கழுவ மாட்டான். சேற்றுக் கறை அதில் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

தரை விரிப்பைத் தூக்குங்கள். இருக்கையைப் பிணைத்திருக்கும் போல்ட்டுகளில் துருவா? மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளத்தில் வண்டல் மண்ணா? முன் விளக்கின் கண்ணாடிக்குள் நீர்க்கோடா?

என்ஜின் ஆயில், பால் கலந்த காபி மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு காகிதங்கள். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்த குறிப்புகளைக் கேளுங்கள். 2015 டிசம்பருக்குப் பிறகோ, 2023 டிசம்பருக்குப் பிறகோ திடீரென்று குறிப்பு நின்றுபோயிருந்தால் ஏன் என்று விசாரியுங்கள். பழைய இன்சூரன்ஸ் பத்திரங்களையும் கேளுங்கள். நஷ்ட ஈடு வாங்காதவருக்குத் தரும் சலுகை திடீரென்று அறுந்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

கடைசியில், தரகருக்கு வேண்டிய மெக்கானிக் வேண்டாம். நீங்களே ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

குதிரை சொல்லும் நீதி

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 17-வது பிரிவில், ஒரு குதிரைக் கதை வருகிறது.

ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான். நோய் இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம்! வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும்.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. வாங்குகிறவன், "நீ மறுக்காவிட்டால், குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று சொல்கிறான். விற்கிறவன் பேசாமல் நிற்கிறான். இப்போது அந்த மவுனமே பேச்சுக்குச் சமம்!

இதன் நீதி என்ன? கேட்காதவனுக்குச் சட்டத்தின் துணை குறைவு. கேட்டவனுக்கு உண்டு.

ஆகவே, வாயால் கேட்பதோடு நிற்காதீர்கள். "இந்தக் கார் வெள்ளத்தில் மூழ்கியது இல்லை. இன்சூரன்சில் முழு நஷ்டம் என்று கழிக்கப்பட்டது இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தைப் பேங்க் மூலமே கொடுங்கள். கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவர் ஏமாற்றினால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

எழுதித் தருவீர்களா?

இந்த ஆபத்து ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் உரியது அல்ல. செருப்புக் கம்பெனியில் வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் குடும்பத்துக்காகச் சின்னக் கார் வாங்குகிறவருக்கும் இதே சோதனைகள்தான். பணக்காரருக்கு நஷ்டம், அவருக்கோ அது வாழ்நாள் சேமிப்பு.

சரி, ஆம்பூர் முதலாளியிடம் வந்த தரகருக்கு வருவோம். முதலாளி காரை ஒரு முறை சுற்றி வருகிறார். இருக்கைத் தோலை இரண்டு விரலால் மடித்துப் பார்க்கிறார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டுகிறார்.

"வெள்ளத்தில் மூழ்காத வண்டி என்று எழுதிக் கொடுங்கள். இப்போதே பணம் தருகிறேன்."

நல்ல காரை விற்கிறவர் தயங்காமல் பேனாவை வாங்குவார். மற்றவர், "ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று நழுவுவார். அப்படி நழுவுகிறவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள்!