மரமா? வலையா?

உயிரினங்களின் உறவை மரமாக வரைந்து காட்டுவது அறிவியலார் மரபு. 1837-இல் டார்வின் தம் குறிப்பேட்டில் தீட்டிய கிளைப்படமும், 1859-இல் வெளிவந்த அவர்தம் நூலில் இடம்பெற்ற ஒரே வரைபடமும் அத்தகையன. மரத்தில் பிரிந்த கிளைகள் மீண்டும் கூடுவதில்லை. உயிர்கள் இவ்விதிக்கு என்றும் கட்டுப்படுகின்றனவா?

நாம் உண்ணும் ரொட்டிக் கோதுமையை நோக்குவோம். 28 குரோமோசோம்கள் கொண்ட கோதுமை ஒன்றும் 14 கொண்ட காட்டுப்புல் ஒன்றும் கலந்து பிறந்த இதற்கு 42 குரோமோசோம்கள் உள்ளன. இதனை எக்கிளையில் வைப்பது? நுண்ணுயிர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் சில ஒருங்கே பல மருந்துகளை எதிர்த்து நின்றன. அவ்வெதிர்ப்பாற்றல் ஓரினக் கிருமியிலிருந்து வேறோர் இனத்திற்கு நேரே தாவும் என்பதை அந்நாட்டு ஆய்வாளர் 1959-இல் எடுத்துக்காட்டினர். தாய்வழி மட்டும் பார்க்கும் மரம் இத்தாவலைக் காட்டாது; மருத்துவம் அறிய விழைவதோ அதனைத்தான்.

இக்குறையை நீக்க எழுந்ததே வலைப்பின்னல் முறை. அ, ஆ, இ, ஈ என நான்கு உயிர்களைக் கொள்வோம். மரபணுவின் ஓரிடத்தில் அ, ஆ இரண்டும் ஒத்தும், இ, ஈ இரண்டும் வேறாக ஒத்தும் உள்ளன. அடுத்தோரிடத்தில் அ, இ ஒருபுறமும் ஆ, ஈ மறுபுறமும் நிற்கின்றன. இவ்விரு பிரிவுகளையும் ஒரே மரத்தில் இரண்டு கிளைகளாகக் காட்டல் இயலாது. பாண்டெல்ட், டிரெஸ் என்னும் கணித அறிஞர்கள் 1992-இல் வகுத்தளித்த முறை, இம்முரணை மறைக்காமல் சிறு கட்டமாக வரைந்துவிடுகிறது. கட்டம் உள்ள இடமெல்லாம் கலப்பு நேர்ந்தது எனத் துணிதல் கூடாது. ஒரே மாற்றம் இருவேறு உயிர்களில் தனித்தனியே தோன்றியும் இருக்கலாம். ஐயம் எங்குள்ளது என்பதைக் கட்டம் காட்டும். தீர்த்து வைப்பது ஆய்வாளர் கடன்.

தமிழ் பயில்வோர்க்கு இது அயலான செய்தியன்று. இரண்டு ஏடுகளை வைத்துக்கொண்டு ஒருவர் மூன்றாவது ஏடு எழுதினால், அவ்வேட்டிற்குத் தாய் இரண்டன்றோ? கேம்பிரிட்ஜ் உயிர்வேதியியலாரும் இலக்கிய அறிஞரும் கூடி, சாசரின் 'கான்டர்பரிக் கதைகள்' நூலின் ஒரு பகுதிக்குரிய 58 கையெழுத்துப் படிகளை இம்முறையால் ஆராய்ந்து, 1998-இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். சாசரின் மூலப்படியே முற்றுப்பெறாத வரைவாக இருந்திருத்தல் கூடும் என்பது அவர்தம் கருத்து.

நம் ஓலைச்சுவடிகளையும் இவ்வாறு ஆராயலாம். அதற்கு, எப்பாடம் எச்சுவடியில் உள்ளது என்னும் விவரம் வேண்டும். 'பிரதிபேதம்' என்று மட்டும் குறித்துச் செல்லும் பதிப்புகள் இதற்கு உதவா. சுவடிகளையே மீண்டும் புரட்டியாக வேண்டும்.