தாலந்தும் ஒட்டகமும்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் தேவாலயங்களில் வாக்குத்தத்த வசன அட்டைகள் வழங்கப்படுகின்றன. வாங்கிய கையோடு அதைப் படிப்பவர்களின் மனத்தில் இருக்கும் கேள்விகள் பெரும்பாலும் இவ்வுலகைப் பற்றியவை. இந்த ஆண்டாவது வேலை நிரந்தரமாகுமா? மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா? பாதியில் நிற்கும் வீடு கூரை காணுமா? பொதுத்தேர்வு நெருங்கும்போது மாணவர்களுக்கெனச் சிறப்பு ஜெபம் நடக்கிறது. எழுதுகோலும் நுழைவுச்சீட்டும் ஜெபத்துக்காக முன்வைக்கப்படுகின்றன. அதே பிரசங்க பீடத்திலிருந்து வேறொரு ஞாயிற்றுக்கிழமை, ஒட்டகத்தையும் ஊசியின் காதையும் ஒப்பிட்டுச் செல்வந்தர்களுக்கு இயேசு விடுத்த எச்சரிக்கையும் வாசிக்கப்படுகிறது.

இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் நிற்கும் இளைஞன் குழம்பாமல் என்ன செய்வான்? பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில் என்னிடம் பயின்ற கிறிஸ்தவ மாணவர்கள் பலர் வகுப்புக்கு வெளியே கேட்ட கேள்வி இது: "சார், முன்னேற வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமா?" இதற்கு 'ஆம்' என்று சொன்னால் விசுவாசம் சோம்பலுக்குத் துணைபோகும். 'இல்லை' என்று மட்டும் சொன்னால் விசுவாசம் பேராசைக்குத் துணைபோகும். ஆகவே, சற்று விரிவாகவே விடை காண வேண்டியிருக்கிறது.

முதலீடு யாருடையது?

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் வரும் தாலந்து உவமையை எடுத்துக்கொள்வோம். தாலந்து என்பது அக்காலத்து எடை அளவு, பண அளவும்கூட. ஒரு வெள்ளித் தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியத்துக்குச் சமம். ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவரின் ஒருநாள் ஊதியம். எனவே, ஒற்றைத் தாலந்து பெற்ற கடைசி ஊழியனின் கையிலும் ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பின் மதிப்பு இருந்தது. அவன் அதை மண்ணில் புதைத்தான், கண்டிக்கப்பட்டான். காசுக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தால் வட்டியாவது வந்திருக்குமே என்று எஜமான் கேட்கிறார். திறமையைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதைப் பக்தி என்று இந்த உவமை ஏற்கவில்லை.

இதில் நாம் எளிதில் கவனிக்கத் தவறும் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, முதலீடு ஊழியர்களுடையது அன்று. அவர்கள் உக்கிராணக்காரர்கள், கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். இரண்டாவது, ஐந்தைப் பத்தாக்கியவனும் இரண்டை நான்காக்கியவனும் ஒரே பாராட்டைப் பெறுகிறார்கள். சந்தை இருவரையும் ஒரே தட்டில் வைத்திருக்காது; உவமையின் எஜமான் வைக்கிறார். பெற்றதற்கேற்ப உண்மையாக உழைத்தானா என்பதே அங்கு அளவுகோல். பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு ஈட்டினான் என்பது கணக்கில் வருவதே இல்லை.

செல்வர்களிடம் இயேசு நடந்துகொண்ட விதமும் ஒரே மாதிரியானது அன்று. பணக்கார வாலிபனிடம் அனைத்தையும் விற்றுக் கொடுக்கச் சொன்னார். வரி வசூலித்த சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய்ப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னபோது, அதை ஏற்று வாழ்த்தினார். பிலிப்பி நகரில் பவுலுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்ட லீதியாள் இரத்தாம்பரம் விற்ற வணிகப் பெண்மணி. தொழிலை விடும்படி அவளிடம் எவரும் சொன்னதாக இல்லை. நோயாளிக்கேற்ப மருந்து மாறுகிறது. பவுலும் பணத்தைத் தீமையின் வேர் என்று சொல்லவில்லை. பணத்தின் மீதான ஆசையைத்தான் சொன்னார்.

ஜெர்மானியரின் கேள்வி

நம்பிக்கைக்கும் பொருள் ஈட்டலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர். 1904-05ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள், புராட்டஸ்டன்ட் அறநெறிக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் தொடர்பு உண்டு என வாதிட்டன. தாம் மீட்புக்குத் தெரிந்துகொள்ளப்பட்டவரா என்ற தவிப்பில் இருந்த கால்வினிய விசுவாசிகள், ஒழுங்கான உழைப்பிலும் அதன் பலனிலும் தேவ கிருபையின் அடையாளத்தைத் தேடினர். ஈட்டியதை ஆடம்பரத்தில் கரைக்க மனச்சாட்சி இடம் தரவில்லை. எனவே மூலதனம் பெருகியது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இது பின்னாளில் கடும் விவாதத்துக்கு உள்ளானது. சாஷா பெக்கர், லுட்கர் வோஸ்மன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டத் தரவுகளைப் பரிசீலித்து வேறொரு விளக்கம் தந்தனர். ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்று மார்ட்டின் லூதர் வலியுறுத்தினார். அதற்காகப் பள்ளிகள் பெருகின, எழுத்தறிவு பெருகியது, எழுத்தறிவே பொருள் வளத்தைக் கொணர்ந்தது என்பது அவர்களின் முடிவு.

இந்த விளக்கம் தென் தமிழகத்துக்கு அந்நியமானது அன்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆலயத்தோடு பள்ளியையும் எழுப்பினர். வேதம் வாசிப்பதற்காகக் கற்ற எழுத்து, ஆசிரியர் பணிக்கும் அரசுப் பணிக்கும் பலரை இட்டுச் சென்றது. தலைமுறை தலைமுறையாக இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு அந்த முன்னேற்றம் வெறும் பணமன்று, தலைநிமிர்வு. ஆகவே, வசதியுள்ளவர் வசதியற்றவரைப் பார்த்து 'உலக ஆசையை விடுங்கள்' என்று உபதேசிப்பதை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளை பட்டம் பெற விரும்புவது பேராசை ஆகாது.

வெஸ்லியின் கவலை

எனினும், முன்னேறிய பின் என்ன ஆகிறது? மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி (1703-1791) இதைக் கூர்ந்து நோக்கியவர். உண்மையான பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் வளர்க்கும். அவை செல்வத்தைக் கொணரும். செல்வம் பெருகப் பெருகப் பக்தி தேயும் என்று அவர் கவலைப்பட்டார். தன் வெற்றியாலேயே விசுவாசம் அழியும் அபாயம் இது. அதற்கு அவர் சொன்ன மருந்து மூன்று பகுதிகள் கொண்டது: பிறருக்கும் தன் உடலுக்கும் ஆன்மாவுக்கும் கேடின்றி இயன்றவரை ஈட்டு, வீண் செலவின்றி இயன்றவரை சேமி, இயன்றவரை கொடு. முதல் இரண்டை மட்டும் கைக்கொள்பவருக்கு அவருடைய எச்சரிக்கை கடுமையானது.

அதை அவர் வாழ்ந்தும் காட்டினார். ஆக்ஸ்போர்டில் இருந்தபோது ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். வருமானம் 60, 90, 120 என ஏறியது. செலவு 28 பவுண்டிலேயே நின்றது. மீதி முழுவதும் ஏழைகளுக்குச் சென்றது. பொருளியல் மொழியில் சொன்னால், அவருடைய இறுதிநிலை நுகர்வு நாட்டம் பூஜ்யம். விலைவாசியும் குடும்பப் பொறுப்பும் உள்ள நமக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால், 'போதும்' என்ற கோட்டை வருமானம் உயரும் முன்பே வரைந்துவிட வேண்டும் என்ற பாடம் பொருந்தும். உயர்ந்த பிறகு வரைய முயல்பவருக்கு அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

இங்கிலாந்தின் குவேக்கர்களும் இதே வழியில் வந்தவர்கள். பழைய பல்கலைக்கழகங்களில் மத நிபந்தனைகள் 1871 வரை அவர்களுக்குத் தடையாக இருந்தன. எனவே பலர் வணிகத்தில் இறங்கினர். பேரம் பேசாத ஒரே விலை, சொன்ன சொல் தவறாமை ஆகியவற்றால் நம்பிக்கை பெற்றனர், வணிகமும் பெருகியது. 1824இல் பர்மிங்காமில் ஜான் கேட்பரி தொடங்கிய கடை, அவருடைய மைந்தர்கள் காலத்தில் பெருந்தொழிலாயிற்று. ஜார்ஜ் கேட்பரி ஆலையின் அருகே தோட்டத்துடன் கூடிய குடியிருப்புகளை உருவாக்கி, 1900இல் அவற்றை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். நேர்மை அவர்களுக்கு இலாபமும் தந்தது. ஆயினும் இலாபத்துக்காக மட்டும் அவர்கள் நேர்மையைக் கைக்கொள்ளவில்லை.

சாட்சி சொல்லாதவர்கள்

இந்த மரபுக்கு நேர் எதிரானது 'செழிப்பு உபதேசம்'. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டில் ஓரல் ராபர்ட்ஸ், கென்னத் ஹேகின் போன்றோரால் பரவிய இப்போதனை இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வேரூன்றியுள்ளது. காணிக்கை ஒரு விதை. விதைத்தால் பன்மடங்கு விளையும். விளையவில்லை என்றால் விசுவாசத்தில் குறை. இதுதான் அதன் தருக்கம். 2010இல் கேப் டவுனில் கூடிய லோசான் உலக மாநாட்டின் அறிக்கை, இதை வேதத்துக்கு ஒவ்வாதது என நிராகரித்தது.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் நான் சுட்ட விரும்புவது இதன் கணக்குப் பிழையை. 'காணிக்கை கொடுத்தேன், வெளிநாட்டு வேலை கிடைத்தது' என்பவர் மேடையேறிச் சாட்சி சொல்கிறார். அதே அளவு கொடுத்து, அதே அளவு உபவாசமிருந்து, வேலை கிடைக்காதவர் கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கிறார். அவருக்கு ஒலிவாங்கி தரப்படுவதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணிக் காரணம் காண்பது புள்ளியியலில் முதலாம் ஆண்டிலேயே திருத்தப்படும் தவறு.

ஆனால், இதன் விளைவு வகுப்பறையோடு நிற்பதில்லை. தேர்வில் தோற்ற மாணவி, தன் மதிப்பெண் போயிற்று என்று மட்டும் வருந்துவதில்லை. தேவன் தன்னைக் கைவிட்டார் என்றும் நம்பத் தொடங்குகிறாள். தொழிலில் நொடித்தவர் ஆலயத்துக்கு வரவே கூசுகிறார். ஆறுதல் மிகத் தேவைப்படும் நேரத்தில், ஆறுதலின் வாசலே அடைபடுகிறது. கொடுத்தால் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிக் காணிக்கை செலுத்துபவருக்கோ, வட்டியும் சேர்ந்துகொள்கிறது.

பாரம்பரியச் சபைகளும் இதில் குறையற்றவை அல்ல. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தார் சந்தை விலையைப் போலப் பன்மடங்குக்குப் போகிறது. அதில் தர்மமும் உண்டு. ஊரார் முன் பெயர் பெறும் போட்டியும் உண்டு. ஆலய மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயர் சுழல்கிறது. பகட்டு நுகர்வு பற்றி 1899இல் எழுதிய தோர்ஸ்டின் வெப்லன் இவற்றைக் கண்டிருந்தால், பகட்டுக் காணிக்கை என்று ஓர் அத்தியாயம் சேர்த்திருப்பார்.

வெள்ளாளன்விளை தந்த சான்று

வேறுவிதமான வெற்றிக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறியவர். இன்றைய அளவுகோலில் அது தோல்வி. அவரோ 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தின் தோற்றத்தில் முன்னின்றார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். தோர்ணக்கலின் ஏழை மக்களிடையே உழைத்த அவர், கொடுத்தல் செல்வர்களின் தனியுரிமை அன்று என்று போதித்தார். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்துவைக்கும் பெண்களின் காணிக்கையால் சபைகள் தழைத்தன. பிடி அரிசிக்கு உபயதாரர் பெயர் இல்லை. பலன் குறித்த ஒப்பந்தமும் இல்லை.

நிறுவனங்களும் இந்தச் சமநிலையைக் கட்டமைக்க முடியும். ஐடா ஸ்கடர் தொடங்கி வளர்த்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள் படிப்புக்குப் பின் தேவையுள்ள பகுதிகளின் மருத்துவமனைகளில் இரண்டாண்டு பணியாற்ற வேண்டும். கடும் போட்டியில் வென்று இடம்பெறும் திறமை அங்கு மதிக்கப்படுகிறது. அது யாருக்காக என்ற கேள்வியும் சேர்க்கையின்போதே கேட்கப்படுகிறது.

முன்னேற விரும்பும் விசுவாசி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் போதும் என்று கருதுகிறேன். ஈட்டும் வழியைத் தயங்காமல் வெளியில் சொல்ல முடியுமா? வருமானம் உயர்ந்தபோது கொடையின் விகிதமும் உயர்ந்ததா, அல்லது செலவு மட்டும் உயர்ந்ததா? இந்தப் பதவி நாளை பறிபோனால், நான் யார் என்பதற்கு என்னிடம் வேறு விடை உண்டா? மூன்றாவது கேள்விதான் கடினமானது. தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் இடையே யார் எஜமான் என்பது அதில்தான் வெளிப்படும்.

சபைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முன் ஜெபிப்பதைப் போலவே, முடிவுகள் வந்தபின் மதிப்பெண் குறைந்தவர்களை அழைத்து அவர்களுடனும் அமருங்கள். வேலை கிடைத்தவரின் சாட்சிக்குப் பின், கிடைக்காமலும் விசுவாசம் தளராதவரின் சாட்சிக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்ப வரவு செலவு, கடன், கொடை பற்றி இளைஞர்களுக்கு வெளிப்படையாகக் கற்பியுங்கள். ஐந்து தாலந்து பெற்றவனைப் பாராட்ட உலகம் முழுவதும் காத்திருக்கிறது. இரண்டு தாலந்து பெற்றவனையும் அதே குரலில் பாராட்டும் இடமாகச் சபையாவது இருக்கட்டும்.