மூன்று தாள்களும் ஒரு கணக்கும்

இந்தியாவிற் பட்டயக் கணக்காளராக விரும்புவோர் எழுதும் இறுதிப் பரீட்சையில் ஆறு வினாத்தாள்கள் உள; அவை மும்மூன்றாக இரு தொகுதிகள். தாளொன்றுக்கு 100 புள்ளிகள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகம் இதனை நடத்துகின்றது.

மாணவரை இடறச்செய்வது பாடத்தின் கடுமை மட்டுமன்று, விதியின் நுட்பமுமாகும். ஒவ்வொரு தாளிலும் 40 புள்ளியேனும் பெறவேண்டும். தொகுதியின் மொத்தமோ 300க்கு 150 ஆதல் வேண்டும். மூன்றிலும் நாற்பது நாற்பதாகப் பெற்றவர் 120 உடன் நின்றுவிடுவார். நிதி அறிக்கையிடலில் 85, நிதி முகாமையில் 70, கணக்காய்வில் 38 எனப் பெற்றவரோ, மொத்தம் 193 இருந்தும் சித்தியெய்தார்! கணக்கிலே கெட்டிக்காரர் கணக்காய்வு நூலைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைப்பதன் விளைவு இது. விரும்பிய பாடத்தோடு பொழுது போக்குவதையும் நம் மனம் படிப்பென்றே கணக்கிற் சேர்த்துக்கொள்ளும்.

ஆயினும், நேரத்தைச் சமமாகப் பங்கிடுக என்று நாம் கூறோம். 85ஐ 90 ஆக்கும் உழைப்பைக் கணக்காய்வுக்குக் கொடுத்தால் 38 எளிதில் 50ஐத் தாண்டும். ஒரு தாளில் 60 பெற்றவர், தொகுதியில் தவறினும், அடுத்த மூன்று தடவைகளுக்கு அத்தாளை மீண்டும் எழுதவேண்டியதில்லை. மேற்சொன்ன 193 புள்ளிக்காரர் அடுத்த முறை கணக்காய்வு ஒன்றையே எழுதினாற் போதும். ஆனால், தொகுதியின் எல்லாத் தாள்களுக்கும் தோற்றியிருந்தாலே இச்சலுகை கிட்டும். முதற்றாள் பிழைத்ததென்று மனமுடைந்து மறுநாட் பரீட்சைக்குச் செல்லாது வீட்டிலிருந்துவிடுபவர் இதனையும் இழக்கின்றார்.