குலுங்காத குலுக்கல்

1969 டிசம்பர் 1. வாஷிங்டனில் ஒரு மேசைமேல் பெரிய கண்ணாடிக் குடுவை. அதற்குள் 366 நீலநிறப் பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. பிப்ரவரி 29-ஐயும் விடவில்லை. தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்டர் பிர்னி முதல் குப்பியை எடுத்தார். செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரை அந்தத் தேதியில் பிறந்த இளைஞர்களுக்கு ராணுவ அழைப்பில் முதல் இடம்.

வியட்நாம் போருக்கு அமெரிக்கா கட்டாயமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. யாரை அனுப்புவது என்பதை உள்ளூர் வாரியங்கள் முடிவுசெய்தன. கல்லூரியில் படிப்பவர்களுக்கு ஒத்திவைப்பு கிடைத்தது. படிக்க வசதியில்லாதவர்கள் சீருடை போட்டார்கள். வெடித்த கோபத்தைத் தணிக்க, ‘இனி மனிதர் கையில் முடிவு இல்லை, அதிர்ஷ்டத்தின் கையில்’ என்று வந்ததே இந்தக் குலுக்கல். கடைசியாக வந்த தேதி ஜூன் 8. குப்பி வெளியே வந்த வரிசையே அந்தத் தேதியின் எண். பின்னர் 195-ஆம் எண் வரை உள்ளவர்களுக்கு அழைப்பு போனது.

முடிவுகளை மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தபோதுதான் உறுத்தியது. 1 முதல் 366 வரையான எண்களின் சராசரி 183.5. குலுக்கல் சரியாக இருந்தால் ஒவ்வொரு மாதத்தின் சராசரியும் இதற்கு அக்கம்பக்கத்தில் மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும். ஆனால் ஜனவரி முதல் ஜூன் வரை எல்லா மாதங்களும் அதற்கு மேலே. ஜூலை முதல் டிசம்பர் வரை எல்லாமே கீழே. மார்ச்சின் சராசரி 225.8, டிசம்பருக்கோ 121.5. டிசம்பரின் 31 நாட்களில் 26 அழைப்பில் சிக்கின. பதினாறோ பதினேழோ சிக்கியிருந்தால் இயல்பு.

யாரும் ஏமாற்றவில்லை. முதலில் ஜனவரிக் குப்பிகளை ஒரு பெட்டியில் கொட்டினார்கள். அடுத்துப் பிப்ரவரியைக் கொட்டி ஜனவரியோடு சேர்த்துக் கலந்தார்கள். பிறகு மார்ச், ஏப்ரல் என்று வரிசையாக. இப்படி ஜனவரி மற்ற மாதங்களோடு 11 முறை கலந்தது. டிசம்பர் ஒரே ஒரு முறை. மூடிய பெட்டியைச் சில முறை குலுக்கிவிட்டுக் குடுவையில் கவிழ்த்தார்கள். கடைசியில் கொட்டிய புளிக்காய்ச்சல் சோற்றில் இறங்காமல் ஒரு பக்கமே தங்கிவிடுவதுபோல, ஆண்டுக் கடைசி மாதங்கள் பெரும்பாலும் மேலேயே நின்றன. எடுத்தவர்களின் கைகளும் பெரும்பாலும் மேலாகவே துழாவின.

‘எப்படிக் கலந்தால் என்ன, கண்ணை மூடிக்கொண்டுதானே எடுக்கிறோம்’ என்று தோன்றும். கண் மூடியிருக்கலாம், கைக்கு வழக்கம் உண்டு. குப்பிகளுக்கும் தாங்கள் வந்த வரிசையின் சுவடு உண்டு. சமவாய்ப்பு என்பது கவனிக்காமல் விட்டால் தானாக வந்து சேர்வதில்லை. மெனக்கெட்டு உண்டாக்க வேண்டியது. புள்ளியியலாளர் ஸ்டீஃபன் ஃபீன்பெர்க் 1971-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை விரிவாக எழுதினார்.

அதற்குள் அரசும் பாடம் படித்திருந்தது. 1970 ஜூலையில் நடந்த அடுத்த குலுக்கலில் தேதிகளுக்கு ஓர் உருளை, எண்களுக்கு ஓர் உருளை. குப்பிகளை எந்த வரிசையில் உள்ளே போடுவது என்பதையே சமவாய்ப்பு எண் அட்டவணைகளைக் கொண்டு தீர்மானித்தார்கள். குலுக்கலுக்கு முன்பே ஒரு குலுக்கல்! 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பே நின்றது.

முதல் குலுக்கல் செல்லாது என்று மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. நன்றாகக் கலந்திருந்தாலும் ராணுவம் கேட்ட ஆட்களின் எண்ணிக்கை குறைந்திருக்காது. டிசம்பரில் பிறந்த சிலர் வீட்டில் இருந்திருப்பார்கள். மார்ச்சில் பிறந்த சிலர் கிளம்பியிருப்பார்கள். அவர்கள் யார் யார் என்பது அவர்களுக்கே தெரியாது.